பெயர் தெரிந்த பேயும் எண் போட்ட அறையும்

1991இல் வெளிவந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ படத்தில், எஃப்.பி.ஐ. பயிற்சியில் இருக்கும் கிளாரிஸ் ஸ்டார்லிங் ஒரு வாடகைச் சேமிப்பறையைத் தேடிப் போகிறாள். பத்து ஆண்டு வாடகை முன்பணமாகக் கட்டப்பட்ட அறை அது. கட்டியவரின் பெயர் பொய். ஷட்டர் கொஞ்சம் ஏறிச் சிக்கிக்கொள்கிறது. கார் ஜாக்கியை வைத்து அதைச் சற்றே உயர்த்தி, தரையோடு தரையாக ஊர்ந்து உள்ளே போகிறாள். தூசி படிந்த பழைய கார், தலையில்லாத ஒரு பொம்மை உருவம், கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு மனிதத் தலை. படத்தின் மற்றக் கொடூரங்களை மறந்தவர்களுக்கும் இந்த ஷட்டர் நினைவிருக்கும். அந்தத் தலை அங்கே இருந்தது ஒரு பயம் என்றால், வாடகை கட்டியாகிவிட்டது என்பதாலேயே பத்து ஆண்டுகளாக யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அதைவிடப் பெரிய பயம்.

செல்ஃப் ஸ்டோரேஜ் என்னும் இந்தத் தொழில் இன்றைய வடிவில் 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. வரிசையாக ஒரே மாதிரி அறைகள், மேலே சுருளும் ஷட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பூட்டு வாடகைக்காரருடையது, சாவியும் அவருடையதே. உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனம் கேட்பதில்லை. இன்று அந்த நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய வளாகங்கள் இருக்கின்றன. சாவு, மணமுறிவு, வேலைக்காக ஊர் மாறுவது, பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போவது ஆகிய நான்கும்தான் தங்கள் வாடிக்கையாளர்களைக் கொண்டுவருகின்றன என்று அந்தத் தொழில்காரர்களே சொல்வதுண்டு. வாடகை நின்றுபோனால் அறையைத் திறந்து உள்ளே இருப்பதை ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தை மட்டுமே காட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்று 2010இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடியது. முகம் தெரியாத ஒருவரின் வாழ்க்கையைப் பெட்டியோடு விலை பேசுவதைக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

சின்ன முதலீட்டில் திகில் படம் எடுப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. நீண்ட நடைபாதை, ஆள் நடந்தால் எரிந்து நின்றால் அணையும் விளக்கு, ஒரே மாதிரி நூறு கதவுகள். செட் போடும் செலவு மிச்சம். லண்டனின் சேமிப்புக் கிடங்கு ஒன்றுக்குள் சிக்கிய சிலரை வேற்றுக்கிரக ஜந்து துரத்தும் ‘ஸ்டோரேஜ் 24’ 2012இல் வந்தது. அதற்கு முன்பே, 2004இல் சன்டான்ஸ் விழாவின் முதன்மைப் பரிசைப் பெற்ற ‘ப்ரைமர்’, தன் கால இயந்திரத்தை ஒரு வாடகைச் சேமிப்பறைக்குள்தான் ஒளித்துவைத்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய ஏழாயிரம் டாலர். அது பேய்ப்படம் அல்ல. ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வரும் மனிதன், உள்ளே இன்னும் தானே இருக்கிறோம் என்று அறிந்திருப்பதில் எந்தப் பேய்ப்படத்துக்கும் குறையாத கிலி உண்டு.

‘ப்ரைமர்’ எடுத்த ஷேன் கரூத் அதற்கு முன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். தன் வீட்டையே களமாக்கி, சுமார் பதினைந்தாயிரம் டாலரில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்த ஓரன் பெலியும் மென்பொருள்காரர். 2012இல் ‘பீட்சா’ எடுத்த கார்த்திக் சுப்பராஜும் அதே தொழிலிலிருந்து வந்தவர். அவர் படத்தின் பேய், கைக்குத் தற்செயலாக வந்த வைரங்களை மறைக்கக் கதாநாயகன் கட்டிய கதை. ஒரு நிரலில் எங்கே பிழை ஒளிந்திருக்கிறது என்று இரவெல்லாம் தேடிப் பழகியவர்களுக்கு மூடிய அறையும் சில ஆட்களும் போதும் போலிருக்கிறது. இதை ஒரு விதியாக நிறுவ முடியாது. இருந்தாலும் இந்த வரிசையில் அடுத்த இரண்டு பெயர்களைச் சேர்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ராஜ் நிடிமோரு திருப்பதிக்காரர். கிருஷ்ணா டி.கே. சித்தூர்க்காரர். ராஜ் அண்ட் டி.கே. என்ற ஒற்றைப் பெயரில் இன்று இந்திய இணையத் தொடர்களின் பெரிய கைகளாக அறியப்படும் இவர்கள், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்துகொண்டே படமெடுக்கக் கற்றார்கள். அங்கே வாழும் இந்தியர்களைப் பற்றிய ‘ஃப்ளேவர்ஸ்’ 2003இல் வந்தது. பிறகு மும்பை, ‘99’, ‘ஷோர் இன் த சிட்டி’. சினிமாக் குடும்பமோ ஸ்டூடியோவோ பின்னால் இல்லாமல், உதவி இயக்குநராக யாரிடமும் நிற்காமல் வந்தவர்கள். சித்தூர் மாவட்டத்திலிருந்து சினிமாவுக்கு வழி என்றால் சென்னை ரயிலோ ஹைதராபாத் பஸ்ஸோதான் என்றிருந்த காலத்தில், இவர்கள் போன வழி அட்லாண்டிக்கைச் சுற்றியது.

திகிலுக்கு அவர்கள் இரண்டு முறை வந்தார்கள். 2013இல் இயக்கிய ‘கோ கோவா கான்’, இந்தியாவின் முதல் ஜோம்பிப் படங்களில் ஒன்று. நம் ஊரில் பேய் உண்டு, ஆவி உண்டு, இந்த நடைப்பிணம் எங்கிருந்து வந்தது என்று படத்தின் பாத்திரங்களே குழம்புகின்றன. உலகமயம் இறக்குமதி செய்த சரக்கு என்று முடிவுக்கு வருகின்றன. நகைச்சுவைக்குச் சொன்னதுதான். ஆனால் பிணத்தைப் பெரும்பாலும் எரித்துவிடும் நாட்டில் கல்லறையிலிருந்து எழும் பிணத்தை வைத்து எப்படிப் பயமுறுத்துவது என்ற கேள்வி சரியான கேள்வி. ஒரு பயம் ஓர் ஊருக்குப் பொருந்த வேண்டுமென்றால் அந்த ஊரின் கட்டடமும் வழக்கமும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அவர்கள் எழுதித் தயாரித்து அமர் கௌசிக் இயக்கிய ‘ஸ்த்ரீ’. 2018 ஆகஸ்ட் 31 அன்று வெளியானது. மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி ஊரில் திருவிழாவின் நான்கு இரவுகளில் ஒரு பெண் பேய் ஆண்களைக் கூப்பிட்டு இழுத்துப்போகிறது. உடுப்பு மட்டும் மிஞ்சுகிறது. தப்பிக்க ஒரே வழி, வாசல் சுவரில் ‘பெண்ணே, நாளைக்கு வா’ என்று எழுதிவைப்பது. பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாளும் அதையே படிக்கும். படம் இந்தியில் இருந்தாலும் கதை நம் பக்கத்துக் கதை. 1990களில் பெங்களூரில் ‘நாளே பா’ என்று வாசல்தோறும் எழுதினார்கள். ஆந்திரத்தில் அதுவே ‘ஓ ஸ்த்ரீ ரேப்பு ரா’. இந்திப் படத்தின் வாசகம் தெலுங்குச் சுவரிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்ததுபோல் இருக்கும். போர்க்களத்தில் எல்லாம் இழந்து நின்ற ராவணனுக்கு ராமன் கொடுத்த ஒரு நாள் தவணையை, இங்கே பயந்து கிடப்பவர்கள் பேய்க்குக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பேய் என்ன செய்கிறது? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. தெருவில் யார் வீடு எது என்று அதற்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த, சொன்ன சொல்லைக் கேட்கும் பேய் என்று படமே கேலியாகப் பாராட்டுகிறது. பயம் முழுவதும் வாசற்படியில் நிற்கிறது. அமெரிக்கச் சேமிப்பறையின் திகில் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது: அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, அறைக்குப் பெயரே கிடையாது, எண்தான். சந்தேரியில் உன்னைத் தெரிந்தவள் வந்துவிடுவாளோ என்று நடுங்குகிறார்கள். சேமிப்பறைக்குள் நீ செத்தால்கூட ஒருவருக்கும் தெரியவராதே என்று நடுங்குகிறார்கள். இடையில் ராஜும் டி.கே.யும் ஒரு குறும்பும் செய்திருக்கிறார்கள். ஊரிலுள்ள ஆண்கள் எல்லோருடைய பெயரும் பேய்க்குத் தெரிந்த அந்தப் படத்தில், கதாநாயகிக்குக் கடைசி வரை பெயரே சொல்லப்படுவதில்லை.

நம் பக்கத்தில் பூட்டிய அறையின் திகில் என்று ஒன்று இல்லாமலில்லை. 1993இல் மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் ‘மணிச்சித்ரத்தாழ்’ அதன் உச்சம். தறவாடு என்னும் பழைய குடும்ப வீட்டில் மந்திரப் பூட்டுப் போட்ட அறை. புது மருமகள் மாற்றுச்சாவி செய்து திறக்கிறாள். உள்ளே ஒரு நாட்டியக்காரியின் நகைகள், உடைகள், சலங்கை, ஓவியம். பொருள்களைத் தொட்டுத் தொட்டு அவள் அந்தப் பொருள்களின் உடைமைக்காரியாகவே மாறிவிடுகிறாள். இதுவும் ஒரு சேமிப்பறைதான், ஆனால் அதற்கு உரியவள் பெயர் ஊருக்கே தெரியும்: நாகவல்லி, தஞ்சாவூர்க்காரி. மலையாளப் படத்தில் அவள் தமிழ் பேசினாள். 2004இல் கன்னட ‘ஆப்தமித்ரா’விலும், 2005இல் தமிழ் ‘சந்திரமுகி’யிலும் தெலுங்கு பேசினாள். 2007இல் இந்திக்குப் போனபோது வங்காளம் பேசினாள். எந்த மொழியில் எடுத்தாலும் பேய் மட்டும் அடுத்த வீட்டு மொழியில்தான் பேசுகிறது. கடைத்தெருவில் ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூரில் இந்தப் படங்களைப் பார்த்தவர்கள், எந்தக் காட்சியில் பயப்படுவது என்று எப்படி முடிவுசெய்தார்களோ.

‘ஸ்த்ரீ’யின் முடிவில் பேயைக் கொல்லவில்லை. அதன் பலம் பின்னலில் இருக்கிறது, பின்னலை அறுத்துவிடுகிறார்கள். படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 2017 கோடையில், ராஜஸ்தான், ஹரியானா, டெல்லிப் பக்கங்களில் தூங்கும் பெண்களின் பின்னலை யாரோ அறுத்துப்போகிறார்கள் என்ற பீதி பரவியிருந்தது. படம் அதன் எதிரொலி என்று சொல்லிவிடலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. முடி இறக்குவது அன்றாடக் காட்சியாக இருக்கும் ஊரில் பிறந்தவர் எழுத்தில், முடியைக் கொடுத்தால் வீம்பு அடங்கும் என்ற எண்ணம் பேய்க்கும் பொருந்திப்போவதில் வியப்பென்ன. எழுதியவர்கள் அப்படி நினைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் சில வேலைகளை ஆளைக் கேட்காமலே செய்யும்.

திருமலையின் முடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பயமும் கிடங்கும் சந்திக்கும் உண்மையான இடம் அதுதான். இடையன் கோடரியால் அடிபட்டு சீனிவாசனின் தலையில் ஒரு பகுதி முடி போய்விட, நீலாதேவி தன் கூந்தலில் கொஞ்சம் அறுத்துக் கொடுத்தாள் என்பது தல புராணம். ஏழு மலைகளில் ஒன்றுக்கு அவள் பெயரால் நீலாத்ரி. ஆக, கொடுத்தவளுக்குப் பெயர் உண்டு, வாங்கியவனுக்கும் பெயர் உண்டு. முடி இறக்கும் இடமான கல்யாணக்கட்டையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் தலையைக் குனிகிறார்கள். விழும் முடி அள்ளப்பட்டு, கிடங்குக்குப் போய், நீளம் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு, மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. தேவஸ்தானத்தின் அண்மை ஆண்டு வரவு செலவுத் திட்டங்களில் முடியால் வரும் வருவாய் 100 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை முடி குவிந்த ஓர் அறையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அதைத் திகில் படக் காட்சி என்றே நினைப்பார். திருப்பதிக்காரர் அப்படி நினைப்பதில்லை. அவருக்கு அது வேண்டுதல். தானும் கொடுத்திருக்கிறார், தன் பிள்ளைக்கும் முதல் மொட்டை அங்கேதான்.

அதே முடி கப்பலேறிய பிறகு நடந்தது வேறு. 2004 மே மாதம், யூத வைதிகர்களிடையே பெரும் மதிப்புப் பெற்ற எருசலேமின் ரப்பி யோசெஃப் ஷாலோம் எலியாஷிவ், இந்தியக் கோயில் முடியில் செய்த விக்குகளை அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். மணமான பெண்கள் தலையை மூட அணியும் விக்குகள் அவை. முடியிறக்குவது தெய்வத்துக்குப் படைப்பதா, வெறும் தூய்மைச் சடங்கா என்று நேரில் அறிய லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருப்பதிக்கே வந்துபோனார். தீர்ப்பு வெளியானதும் நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கிய விக்குகள் அவற்றில் இருந்தன. அந்தப் பெண்கள் பயந்தது முடிக்கு அல்ல. பல ஆண்டுகளாகத் தலையில் வைத்திருந்தது யாருடையது, யாருக்கென்று கொடுத்தது என்பது தெரியாமல் போனதற்கு. வேண்டுதல் செய்தவளின் பெயர் கல்யாணக்கட்டையிலேயே நின்றுவிட்டது. கிடங்குக்குள் போனது ரகமும் நீளமும் மட்டும்.

இதற்கு மூன்று ஆண்டு கழித்து, 2007இல், ஜப்பானிய இயக்குநர் சியோன் சோனோ ‘எக்ஸ்டே’ என்ற திகில் படத்தை எடுத்தார். துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் ஒரு கன்டெய்னரைத் திறக்கிறார்கள். உள்ளே முழுக்க முடி. முடிக்கு நடுவே ஒரு பெண்ணின் பிணம். உறுப்புகள் திருடப்பட்டுச் செத்தவள் அவள். அவள் கூந்தல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பிணவறை ஊழியன் ஒருவன் அதை அறுத்து அழகு நிலையங்களுக்குக் கொடுக்க, சூடிக்கொண்டவர்களை முடி பழிவாங்குகிறது. படம் பாதி கேலி, பாதி குரூரம். எனக்கு முழுதாகப் பிடித்த படம் என்று சொல்ல முடியாது. அது திருப்பதியைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ஆனால் பெயரற்ற முடி ஒரு பூட்டிய பெட்டிக்குள் கடல் கடப்பதில் என்ன பயம் ஒளிந்திருக்கிறது என்பதைத் திரையில் நேருக்கு நேர் பார்த்த படம் அது. திருப்பதியிலோ சித்தூரிலோ அப்படி ஒன்றை ஏன் எடுக்கவில்லை என்றால், திருமலையில் சினிமா எடுக்க விடமாட்டார்கள் என்பது எளிய பதில். எடுக்கத் தோன்றவில்லை என்பதே சரியான பதிலாக இருக்கலாம். கொடுத்த இடத்தில் பயம் இல்லை.

வாடகைச் சேமிப்பறை இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்டது. திருப்பதியில் ஒரு பொருளைப் பாதுகாக்கக் கொடுப்பது என்றால் இன்னும் லக்கேஜ் கவுன்டர்தான். மலையடிவாரத்து அலிபிரியில் பையைக் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு படியேறினால், மூட்டை வேனில் மேலே வந்து காத்திருக்கும். கையிலுள்ள எண், பை கைக்கு வரும் வரைக்கும்தான். தரிசனத்துக்கு மனிதர்களையே கம்பார்ட்மெண்டில் மணிக்கணக்கில் அடைத்துவைக்கும் வைகுண்டம் க்யூ வளாகத்தில்கூட, கதவு திறக்கும் என்ற நம்பிக்கையோடுதான் உள்ளே உட்காருகிறார்கள். உரியவர் வராத பொருளைக்கூட ராஜும் டி.கே.யும் பயமாக்கவில்லை. அவர்கள் தயாரித்து, பிரவீண் காண்ட்ரேகுல இயக்கி, 2021 மே 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சினிமா பண்டி’யில், ஆட்டோவில் யாரோ விட்டுப்போன கேமரா ஒன்று ஓட்டுநரின் கையில் சிக்குகிறது. ஆந்திர–கர்நாடக எல்லைக் கிராமம். அவர் அதைக்கொண்டு படமெடுக்கக் கிளம்புகிறார். அமெரிக்க ஏலத் தொடரில் இலாபமாகும் பொருள் இங்கே ஊரே கூடி நடிக்கும் சினிமாவாகிறது.

ஆனாலும் அந்த வட்டாரத்தில் எண் போட்டுப் பூட்டிய கிடங்கு ஒன்று இருக்கிறது. திருப்பதியில் ஆந்திர வனத்துறையின் செம்மரக் கிடங்கு. உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் மரம். திருமலையை உள்ளடக்கிய சேஷாசல மலைத்தொடர் அதன் நடுவில் இருக்கிறது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. கடத்தலில் பிடிபட்ட கட்டைகள் ஆயிரக்கணக்கான டன் அளவில் அங்கே சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அளந்து, எடைபோட்டு, தரம் குறித்து அடுக்கி, உலகளாவிய ஏலத்தில் விற்கிறார்கள். சீனாவில் அறைகலனாகவும் ஜப்பானில் இசைக்கருவியாகவும் போய்ச் சேருபவை.

2015 ஏப்ரல் 7 அதிகாலை, சேஷாசலக் காட்டில் இருபது பேர் அதிரடிப் படையின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டு மலையோர, கிராமப்புறக் கூலிகள். பெரும்பாலானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. தங்களோடு வந்தவர்கள் வழியிலேயே பிடித்து இறக்கப்பட்டார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். கட்டை எந்தக் காட்டில் பிடிபட்டது, எத்தனை கிலோ, எந்தத் தரம் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. அதைத் தோளில் சுமந்தவர் யார் என்பது எந்தக் கிடங்கின் பதிவேட்டிலும் வருகிற விவரம் அல்ல.

2021இல் ‘புஷ்பா’ இந்த மரத்தைக் கடத்தல்காரனின் பக்கம் நின்று சொன்னது. சித்தூர்த் தெலுங்கைத் தேசம் முழுக்கக் கொண்டுபோனது. ‘ஸ்த்ரீ’யின் இரண்டாம் பாகம் 2024இல் ராஜும் டி.கே.யும் இல்லாமல், தலையில்லாத ராட்சதனோடு, பல நூறு கோடி வசூலோடு வந்தது. வாசற்படியில் எழுதிய ஒரு வரியால் முதல் படம் செய்த வேலையை அத்தனை கணினி வரைகலையாலும் அது செய்யவில்லை. பணம் இல்லாதவர்தான் இன்னும் ஒரு கதவை வைத்துப் பயமுறுத்த யோசிப்பார். அப்படி ஒருவர், ஓர் இரவுக் காவலாளியையும் எண் போட்ட கட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கையும் மட்டும் வைத்துத் தெலுங்கில் ஒரு படம் எடுக்கலாம். செட்டுக்கு ரேணிகுண்டா பக்கம் ஏதாவதொரு காலிக் குடோன் போதும். இரவு இரண்டு மணிக்கு அடுக்குகளுக்கு நடுவிலிருந்து காவலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலுக்கு மட்டும் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைப் பக்கத்து ஆள் வேண்டும். அது தமிழில்தான் பேசியாக வேண்டும்.